பிரிட்ஜை ஒட்டியது நாங்கள்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளிநாடு போகிறது. நாச்சிமுத்து மாமா அவர்களுடைய சாமான்களை மொத்தமாக எடுத்துவிட்டார். இரண்டு பீரோ, ஒரு சாப்பாட்டு மேசை, ஐந்து நாற்காலி, துணி மாட்டும் ஸ்டாண்டு ஒன்று. எல்லாம் டெம்போவிலிருந்து இறங்கியதும் என் வேலை தொடங்கியது.

என் வேலை அட்டை எழுதுவது. மாமாவின் பழைய சாமான் கடையில் ஒவ்வொரு பொருளிலும் ஓர் அட்டை தொங்கும். விலை அதில் கடைசி வரி. அதற்கு முன்னால் எல்லாம் குறைகள். "கொறைய நாமளே மொதல்ல சொல்லிப்போட்டா, வர்றவன் சொல்றதுக்கு என்ன இருக்குது?" என்பது மாமாவின் கொள்கை. இதனால் இருபது வருடமாகக் கடையில் சண்டையே வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார்.

"எப்படி வரும்? சண்டை போடறவிங்க எல்லாம் அட்டையப் படிச்சுப்போட்டு வாசலோட திரும்பிப் போயிர்றாங்கொ," என்பார் கலாமணி அத்தை.

மேசை மேல் போர்வையில் சுற்றிய ஒன்றும் வந்தது. கிடார். நாளைதான் பார்க்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

கிடாரைப் பார்த்தேன். வழக்கமான கிடார் போல நடுவில் வட்டமான ஓட்டை இல்லை. வயிறும் தட்டையாக இல்லை. வயலின் மாதிரி நடுவில் மேடாக எழும்பி ஓரத்தில் இறங்குகிறது. ஓட்டையும் வயலின் மாதிரிதான், பக்கத்துக்கு ஒன்றாக, வளைந்து. ஃபோனில் தேடினேன். ஆர்ச்டாப் என்று பெயர். பெரிய பேண்டு வாசிக்கும்போது மற்ற வாத்தியங்களைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று இப்படிச் செய்தார்களாம். கரண்டு வேண்டாம்.

அட்டை போதவில்லை. பின்பக்கமும் எழுதினேன். மேல் பலகையில் வார்னிஷ் மயிர்க்கோடு போல வெடித்திருக்கிறது, மரம் வெடிக்கவில்லை. இடது ஓட்டையின் விளிம்பில் அரிசி அளவு சில்லு பெயர்ந்திருக்கிறது. கம்பி முறுக்கும் ஆறு திருகில் ஐந்தின் குமிழ் தந்த நிறம், ஒன்று மட்டும் கறுப்பு. செய்தவர் பெயர் தெரியாது. தலையில் பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருக்கின்றன. கழுத்தில் பதித்த வெள்ளிக் கோடுகளில் முதல் மூன்றும் தேய்ந்து பள்ளமாகியிருக்கின்றன. முதுகில் பெல்ட் பக்கிள் கீறல், மொத்தம் பதினேழு. உள்ளே முகர்ந்தால் பழைய தபால் ஆபீஸ் வாசனை.

மாமா படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஏனம்மணி, இதென்ன விக்கறதுக்கு எழுதுனதா, போலீஸ்ல குடுக்கறதுக்கு எழுதுனதா?"

நேர்மையாக எழுதினேன். அவ்வளவுதான்.

ஜூன் 7, சனி

கிடாரில் தூசு துடைத்தேன். கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். துடைக்கும்போது சத்தம் வரத்தான் செய்யும். கழுத்துப் பக்கம் இடது கையால் பிடித்துக்கொண்டு துடைத்தால் சத்தம் மாறி மாறி வருகிறது. ஃபோனில் ஒருவர் எந்த இடத்தில் பிடித்தால் என்ன சத்தம் என்று காட்டுகிறார். துடைப்பதற்கு உதவியாக இருக்கிறது.

அத்தை காபி டம்ளரோடு பின்கட்டு வாசலில் நின்றிருந்தது எனக்குத் தெரியாது.

"தூசி நல்லாச் சுதி சேந்திருக்குதாட்ட," என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

அம்மா என் இடது கை விரல் நுனிகளைப் பார்த்துவிட்டார். நான்கிலும் கொப்புளம்.

"என்னடீ இது?"

"பாத்திரம் தேய்க்கற நாரும்மா."

"நம்மூட்டுல பாத்திரம் நானல்லொ தேய்க்கறேன்?"

நான் துணி மடிக்கப் போய்விட்டேன்.

போன வருடம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது, பார்த்துக்கொள்வதற்காகப் பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றேன். அம்மா எழுந்து நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. நான் திரும்பிப் போகவில்லை. வகுப்பில் வாரத்துக்கு ஒருமுறை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று படிக்கச் சொல்வார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

கிடாருக்கு ஓர் ஆள் வந்துவிட்டார். பீளமேட்டில் புதிதாகக் காபிக் கடை திறக்கிறாராம். சுவரில் மாட்ட வேண்டுமாம். "வாசிக்கவெல்லாம் வேண்டாங்க, பாத்தா பழசாட்ட இருந்தாப் போதும்," என்றார்.

அவர் மாமாவோடு பேசிக்கொண்டிருந்தபோது அட்டையில் மூன்று குறைகளைச் சேர்த்தேன். அவற்றில் ஒன்று, "கனம் அதிகம். சாதாரண ஆணி தாங்காது."

அவர் படித்தார். "பெரிய ஆணியா அடிச்சுக்கலாங்க," என்றார்.

பளபளவென்று பாலிஷ் போட்டு வையுங்கள், அடுத்த வாரக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். சட்டையில் இங்க் கறை இருந்தது.

ஜூன் 14, சனி

இன்று அம்மாவை இடுப்பைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மத்தியானம் கடைக்கு வந்தால், ஆறுச்சாமி அண்ணன் கிடாரின் வயிற்றில் இரண்டு கிளாம்பு மாட்டி இறுக்கி வைத்திருந்தார். அவர்தான் கடையின் ஆசாரி. கால் ஆடும் நாற்காலி அவர் கைக்குப் போனால் பிறகு ஆடாது.

கம்பிகளை வயிற்றுக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் மரத்துண்டுக்குப் பிரிட்ஜ் என்று பெயர். மற்றக் கிடார்களில் அதை ஒட்டியிருப்பார்கள். ஆர்ச்டாப்பில் ஒட்டுவதில்லை. கம்பிகளின் அழுத்தம்தான் அதை நிறுத்தி வைக்கிறது. அதைத் தள்ளித் தள்ளிச் சரியான இடத்துக்குக் கொண்டு வர வேண்டும். இதெல்லாம் நான் ஃபோனில் படித்திருக்கிறேன். ஆறுச்சாமி அண்ணன் படித்திருக்கவில்லை.

"பாலிஷ் போடலாம்னு கம்பிய எல்லாம் கழட்டுனனா, இது பொதுக்குனு கையோட வந்துருச்சம்மணி. எவனோ ஒட்டாமயே ஏமாத்தி வித்திருக்கறான் பாரு. வுடுவனா நானு? ரெண்டு ஓட்டைக்கும் நடுவால அளவெடுத்து, பசை போட்டு ஒட்டிப்போட்டேன். இனி ஆனையக் கட்டி இழுத்தாலும் வராது."

மாமா அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "அம்மணி, அட்டையில எழுது. பிரிட்ஜு புதுசா, கெட்டியா ஒட்டியிருக்குதுன்னு."

எழுதினேன்.

ஜூன் 16, திங்கள்

கம்பிகளைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். தூசு துடைத்துப் பார்த்தேன்.

எங்கேயும் அழுத்தாமல் கம்பிகளைத் தட்டினால் எல்லாம் சரியாக இருக்கிறது. கழுத்தில் மேலே போகப் போகத்தான் குழப்பம். பன்னிரண்டாவது கோட்டில் அழுத்தினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். கேட்பது அதற்குக் கொஞ்சம் கீழே. பிரிட்ஜ் இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு விரல்கடை கீழே ஒட்டியிருக்கிறது. முன்பு அது நின்ற இடத்தில் இருந்த தடத்தையும் பாலிஷ் போட்டு அழித்துவிட்டார்கள்.

சொல்லவில்லை. சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். இன்னொன்று, இப்படியே இருந்தால் வாசிக்கத் தெரிந்த யாரும் இதை வாங்க மாட்டார்கள். இந்த இரண்டாவதை நான் நினைக்கவில்லை. பேனா எழுதிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

காபிக் கடைக்காரர் ஃபோன் செய்தார். சுவருக்குப் பழைய சைக்கிள் கிடைத்துவிட்டதாம். கிடார் வேண்டாமாம்.

வருத்தமாக இருந்தது. மத்தியானம் இரண்டு தட்டு சாம்பார் சாதம் சாப்பிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

குன்னூரிலிருந்து ஹெப்சிபா என்று ஒருவர், மாமா சொல்லி நான் ஃபோனில் போட்டிருந்த படங்களைப் பார்த்துவிட்டு மாமாவிடம் பேசினார். ஆர்ச்டாப்பை ஆறு வருடமாகத் தேடுகிறாராம். சர்ச்சில் வாசிக்கிறவர், பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர். சத்தம் எப்படி என்று ஒரு வீடியோ கேட்டார்.

"அம்மணி, நீதா இருக்கறதுல வெரல் சின்னதா இருக்கறவ. சும்மா அப்படி ஒரு தட்டு தட்டு, நான் புடிக்கறேன்," என்றார் மாமா.

என் முகம் தெரியக் கூடாது என்றேன். அழுத்தாமல், காலிக் கம்பிகளை மட்டும் மேலிருந்து கீழே ஒரு முறை தட்டினேன். ஆறு கம்பியும் சரியாகத்தான் கேட்டன. பொய்யான சத்தம் ஒன்றுகூட அதில் இல்லை. ரொம்ப நன்றாக இருந்தது. மாமா அதை இரண்டு முறை போட்டுக் கேட்டார்.

அத்தை எட்டிப் பார்த்தார். "ஏனம்மணி, தொடைக்கறப்ப வேற மாதிரியெல்லாம் வருமே, அதையும் காட்டறது?"

ஜூன் 21, சனி

ஹெப்சிபா டீச்சர் நாளை விட்டு அடுத்த ஞாயிறு வருகிறார். மாமா அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், வேறு யாருக்கும் தருவதில்லை என்று. அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினாராம். இப்படி ஒரு கடையை நான் பார்த்ததில்லை, உங்கள் அட்டையை நம்பித்தான் வருகிறேன் என்று டீச்சர் சொன்னாராம். மாமா இதைக் காலையில் டீக்கடையில் சொன்னார், பிறகு மளிகைக் கடையில் சொன்னார், பிறகு எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் சொன்னார்.

"என்ற கடை அட்டைய நம்பி ஒரு டீச்சரம்மா மலை எறங்கி வருதுக்கா. உன்ற புள்ளை எழுதுனதாக்கும்."

அம்மா என்னைப் பார்த்தார். எனக்குத் தோசை இறங்கவில்லை.

அவர் வந்து, முதல் பாட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்போது மாமாவின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு பிரிட்ஜைச் சரிசெய்தால் கிடார் குன்னூர் போய்விடும் என்றும் நினைத்துப் பார்த்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்ததில் ஒரு நாற்காலிக்கு மூன்று கால் என்று எழுதிவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

அட்டையில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுதினேன். மாமா இன்னும் பார்க்கவில்லை.

ஜூன் 25, புதன்

பார்த்துவிட்டார்.

சத்தமாகப் படித்தார். "பிரிட்ஜ் தவறான இடத்தில் ஒட்டப்பட்டுள்ளது. மேல் சுரங்கள் பிசகும். ஒட்டியது நாங்கள்." பிறகு, "எவன் எழுதுனது இது?" என்றார். கடையில் அட்டை எழுதுவது நான் ஒருத்திதான். ஆனாலும் கேட்டார்.

"நாந்தானுங் மாமா."

"ஆறுச்சாமி அளவெடுத்து ஒட்டுனது எப்படியம்மணி தப்பாகும்?"

ஆறுச்சாமி அண்ணன் உளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அவர் மூஞ்சி சுருங்கிப் போயிருந்தது. வாயால் சொல்லிப் புரியவைக்க எனக்கு வரவில்லை. கிடாரை எடுத்து உட்கார்ந்து, காலிக் கம்பியை ஒரு முறை தட்டினேன். பன்னிரண்டாவது கோட்டில் அழுத்தி இன்னொரு முறை தட்டினேன். பிறகு ஒரு சின்ன மெட்டைக் கீழே வாசித்தேன், அதையே மேலே வாசித்தேன். மேலே வாசித்தது சளி பிடித்தவர் பாடுவது போல இருந்தது.

வாசித்து முடித்த பிறகுதான் மாமா, அண்ணன், அத்தை மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பது உறைத்தது.

"ஆமா, பிசகுது," என்றார் ஆறுச்சாமி அண்ணன் மெதுவாக. "எனக்கே கேக்குது."

மாமா கிடாரைப் பார்க்கவில்லை. "அப்ப தினோம் பின்கட்டுல நீ தொடைச்சது தூசி இல்லியா?"

"இந்தக் கடையிலயே தூசி இல்லாத சாமான் அது ஒண்ணுதானுங்க. இத்தன நாளும் உங்களுக்குத் தெரியலீங்களா?" என்றார் அத்தை.

ஆனை கட்டி இழுத்தாலும் வராது என்றது உண்மைதான். அத்தையின் தோசைத் திருப்பியை வெந்நீரில் முக்கி, பிரிட்ஜுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு எடுக்க வேண்டியிருந்தது. ஆறுச்சாமி அண்ணன் மூச்சுக்கூட விடாமல் செய்தார். வந்துவிட்டது. வார்னிஷில் கட்டைவிரல் அகலத்துக்கு வெளுப்பு விழுந்துவிட்டது. அதையும் அட்டையில் எழுதினேன். அட்டை இப்போது மூன்று.

ஜூன் 26, வியாழன்

பிரிட்ஜைச் சரியான இடத்தில் நிறுத்த நாள் முழுவதும் ஆனது. கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு நூல் தள்ளி, முறுக்கி, கேட்டு, மறுபடி தளர்த்தி. ஆறுச்சாமி அண்ணன் தள்ளினார், நான் கேட்டேன். "இப்போ?" "இன்னும் கொஞ்சம் மேலெங்ணா." "இப்போ?" "தாண்டிருச்சுங்." நாற்காலி வாங்க வந்த ஒருவரும் நின்று "இப்போ?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

நான்கு மணிக்குச் சரியானது. நல்ல வேலை செய்தோம். இனி யாரும் எதுவும் சொல்ல முடியாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.

ஜூன் 28, சனி

துடைக்கவில்லை. நாளைக்குப் போகிறதை எதற்குத் துடைப்பது?

ஜூன் 29, ஞாயிறு

ஹெப்சிபா டீச்சர் பத்தரை மணிக்கு வந்தார். அம்மா வயது இருக்கும். பாதி நரைத்த தலை, கான்வாஸ் ஷூ, கையில் காலிக் கிடார்ப் பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் துணியை எடுத்து ஒரு நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தேன். அதில் தூசு இருந்தது.

கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று அட்டையையும் படித்தார். "ஒட்டியது நாங்கள்" வந்ததும் சிரித்துவிட்டார். பிறகு உட்கார்ந்து வாசித்தார். அவர் கை கழுத்தில் ஓடியபோது எந்த இடத்திலும் பிசகவில்லை. இந்தக் கிடாருக்குள் இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாது. நான் வாசித்ததெல்லாம் வாசற்படி வரைதான் என்று புரிந்தது.

"எடுத்துக்கறேன் சார்," என்றார் மாமாவிடம். "கேக்கணுமேன்னு கேக்கறேன். அட்டையில இருக்கறதத் தவிர வேற ஏதாவது குறை உண்டா?"

மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அம்மணியக் கேளுங். ஒரு கீறல் வுட மாட்டா. சொல்லு அம்மணி, வேற கொறை இருக்குதா?"

இல்லீங் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தேன்.

"ஒண்ணு இருக்குதுங்."

ஆறுச்சாமி அண்ணனின் உப்புத்தாள் சத்தம் நின்றது.

"எனக்கு வேணுங் அது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காதெல்லாம் சுட்டது.

"அத அட்டையில எழுதலியே," என்றார் மாமா.

"எழுத வரலீங் மாமா."

டீச்சர் கிடாரை மடியிலேயே வைத்திருந்தார். "வாசிப்பியாம்மா?" என்று கேட்டு, எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

வாசித்தேன். துடைக்கும்போது தானாக வந்த ஒரு மெட்டு, அதற்குப் பெயர் கிடையாது. நடுவில் இரண்டு முறை நின்று போய் மறுபடி பிடித்தேன்.

"ரெண்டு இடத்துல தப்பு," என்றார் டீச்சர்.

"மூணுங்க," என்றேன்.

"மூணாவது எனக்குக் கேக்கலையே?"

"கடைசியில ஒரு கம்பி சரியா அழுந்தலீங்க."

அவர் சிரித்தார். கிடாரை என் கையிலிருந்து வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளுத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "ஆறு வருஷமாத் தேடினேன்," என்றார் யாரிடமோ. அப்போது எனக்கு அழுகை வரும் போல இருந்தது. அவர் பாவம் என்றுதான்.

"நான் வாக்குக் குடுத்துட்டனுங்களே டீச்சர்," என்றார் மாமா கழுத்தைத் தேய்த்துக்கொண்டு. "நீங்க எடுத்துட்டுப் போறதுதா நாயம். புள்ளை ஏதோ..."

"சார், எங்கிட்ட ஏற்கெனவே ரெண்டு கிடார் இருக்கு. இதுவும் வந்தா மாசத்துக்கு ஒரு நாள் எடுப்பேன். அந்த ஒரு நாள் நல்லா வாசிப்பேன்." கிடாரை என்னிடம் நீட்டினார். "மிச்ச இருபத்தொம்பது நாள் அது சும்மா இருக்கணும். அதுதான் யோசனையா இருக்கு. இந்தாம்மா, சீக்கிரம் வாங்கிக்கோ. மனசு மாறிடப் போறேன்."

நான் வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேன் என்று அத்தை சொல்கிறார். எனக்குக் கேட்கவில்லை.

டீச்சர் காலிப் பெட்டியையும் வைத்துவிட்டுப் போனார். நீலகிரியில் மழைக்கு நனையாமல் இருக்க வாங்கியது, போத்தனூரில் வெயிலுக்கு உதவும் என்றார்.

அவர் போன பிறகு மாமா கல்லாவில் போய் உட்கார்ந்தார். பிறகு, "தீவாளி வரைக்கும் ஞாயித்துக்கெழமையும் கடைக்கு வந்தரோணும். அதுதா வெலை," என்றார்.

"கொறைச்சலா வாங்காதீங்க. பொங்கல் வரைக்கும் போடுங்க," என்றார் அத்தை.

ஜூன் 30, திங்கள்

அம்மாவிடம் கிடாரைக் காட்டினேன். ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, இந்த நாரு எந்தக் கடையில வாங்குனே?" என்றார்.

ஜூலை 2, புதன்

சுந்தராபுரத்திலிருந்து ஒரு பெரியவர் டீப்பாய் பார்க்க வந்தார். மாமா அவரை நேராக நான் கொண்டு வந்திருந்த கிடாரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"இது விக்கறதுக்கில்லீங்," என்றார்.

"நான் கேக்கவே இல்லீங்களே?"

"கேட்டாலும் இல்லீங். குன்னூர்ல இருந்து வந்து கேட்டாங்க, குடுக்கல. என்ற அக்கா புள்ளையோடதாக்கும். அம்மணி! அய்யனுக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டு, வா."

என்னால் முடியாது என்று தலையாட்டினேன். பெரியவர் என்னைப் பார்த்தார். கிடாரை எடுத்துக்கொண்டு பெரிய பீரோவுக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கே யாருக்கும் நான் தெரிய மாட்டேன்.

"போயிருச்சுங்களா?" என்று பெரியவர் கேட்பது கேட்டது.

"இருங், இருங்," என்றார் மாமா.

பீரோவுக்குப் பின்னாலிருந்து முழுதாக வாசித்தேன். முடிந்ததும் யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு பெரியவர், "இன்னொண்ணு வாசிக்குமுங்களா?" என்றார்.

டீப்பாயை மறந்துவிட்டுப் போய்விட்டார். நாளைக்கு வருவாராம்.